மூன்றாவது ஆள்

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நீங்கள் எழுதிய பிலடெல்பியா குறிப்புகளை வாசித்தேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் வரலாறு சொல்லித் தருகிறேன். 1776ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரையும் அவர்களுடைய மாநிலங்களையும் அட்டவணையாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தாமஸ் மெக்கீன் ஓரிடத்தில் டெலவேர்க்காரர் என்றும் இன்னோரிடத்தில் பென்சில்வேனியாக்காரர் என்றும் வருகிறார். ஜான் டிக்கின்சன் கையெழுத்தே போடவில்லை, அவரும் இரண்டு மாநிலங்களிலும் வருகிறார். எதை எடுத்துக்கொள்வது? பிரிட்டனின் கீழ் இருந்த அந்தப் பதின்மூன்று பகுதிகளையும் குடியேற்றங்கள் என்பதா, மாநிலங்கள் என்பதா? அப்புறம் ஒரு சந்தேகம். அவர்கள் கூடிய காங்கிரஸில் ஒரு மாநிலத்துக்கு ஒரு ஓட்டுதான் என்றால் எதற்காக மூன்று பேர், ஒன்பது பேர் என்று அனுப்பினார்கள்? ஒருவரே போதுமே. அதில் ஒருவர் வராவிட்டால்தான் என்ன குறைந்துவிடும்?

அன்புடன்,
செ.

அன்புள்ள செ.,

இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். உங்கள் கடைசி வரி விடவில்லை. போன மாதம் பீரோவை ஒழித்தபோது பழைய டைரி ஒன்றுக்குள்ளிருந்து மடித்த தாள் விழுந்தது. அன்றிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குடியேற்றமா மாநிலமா என்பதில் பெரிய சிக்கல் இல்லை. 1776 ஜூலை 2 வரை குடியேற்றம், அதன் பிறகு மாநிலம் என்று எழுதிவிட்டுப் போங்கள்.

மெக்கீன் பென்சில்வேனியாவில் பிறந்தவர். டெலவேரின் நியூகாசிலில் வக்கீல் தொழில் செய்து மேலே வந்தவர். குடியிருந்தது பென்சில்வேனியாவின் பிலடெல்பியாவில், காங்கிரஸில், அதாவது பதின்மூன்றின் பிரதிநிதிகளும் கூடிய சபையில், உட்கார்ந்தது டெலவேருக்காக. 1777இல் பென்சில்வேனியாவின் தலைமை நீதிபதி ஆனார், அந்தப் பதவியில் இருந்துகொண்டே டெலவேருக்காகக் காங்கிரஸுக்கும் போய்வந்தார். 1781இல் அந்தக் காங்கிரஸுக்கே தலைவராகவும் இருந்தார். டிக்கின்சன் 1776இல் பென்சில்வேனியாவின் பிரதிநிதி, 1779இல் டெலவேரின் பிரதிநிதி. இரண்டு மாநிலங்களிலும் அடுத்தடுத்து ஆட்சித் தலைவராக இருந்தவர். டெலவேர் என்பதே அப்போது டெலவேர் ஆற்றங்கரையின் 'கீழ் மூன்று கவுண்டிகள்'தான், கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. 1704லிருந்து தனிச் சட்டசபை இருந்தது, ஆனால் கவர்னர் பென்சில்வேனியாவோடு பொது. இரண்டுக்கும் நடுவே வீடு மாற்றுவதும் தொழில் மாற்றுவதும் அங்கே சகஜம். ஆகவே உங்கள் அட்டவணையில் 'மாநிலம்' என்ற கட்டத்தில் அவர் பிறந்த ஊரை எழுதாதீர்கள், குடியிருந்த தெருவையும் எழுதாதீர்கள். யாருக்காகப் போய் உட்கார்ந்தாரோ அந்த மாநிலத்தை எழுதுங்கள்.

சரி, இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். தம்பி, ஒரு ஆசிரியர் எழுதுகிற வரியா அது? அந்த 56 பெயரையும் உருப்போட வைக்கப் போகிறீர்கள். ஆனால் அவர்களில் ஒருவர் வராமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஐந்து நிமிடம் நீங்கள் விசாரிக்கவில்லை. பெயரும் மாநிலமும் தெரிந்தால் போதும், மனிதர் அங்கே இருந்தாரா என்பது பொருட்டில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு, நீங்கள் அந்த வகுப்பை எடுக்காமலே இருக்கலாம்.

1776 ஜூலை 1. பிலடெல்பியாவின் அரசு மாளிகை, கீழ்த்தளத்து மண்டபம். வர்ஜீனியாவின் ரிச்சர்ட் ஹென்றி லீ ஜூன் 7 அன்று கொண்டுவந்த சுதந்திரத் தீர்மானத்தின் மீது முன்னோட்டமாக ஓட்டெடுக்கிறார்கள். ஒன்பது ஆதரவு. பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் எதிர்ப்பு. நியூயார்க் உறுப்பினர்கள் நாற்காலியில்தான் இருந்தார்கள், ஆனால் ஊரிலிருந்து அனுமதி வரவில்லை, அதனால் வாய் திறக்க முடியவில்லை. டெலவேருக்கு மூன்று பேர். மெக்கீன் ஆதரவு, ஜார்ஜ் ரீட் எதிர்ப்பு. மூன்றாவது நாற்காலி காலி. ஒன்றுக்கு ஒன்று சரியாகிப்போனதால் டெலவேருக்கு ஓட்டே இல்லை. ஒருவரே போதுமே என்று கேட்டீர்களே, அந்த ஒருவர் ரீடாக இருந்திருந்தால்?

மூன்றாவது ஆள் சீசர் ராட்னி. டெலவேர் சட்டசபையின் தலைவர், உள்ளூர்ப் படையின் தளபதி. சசெக்ஸ் கவுண்டியில் மன்னர் பக்கம் நின்றவர்கள் கலகம் செய்துகொண்டிருந்தார்கள், அதை அடக்கும் வேலையில் ஊரில் இருந்தார். ஆஸ்துமாக்காரர். முகத்தில் புற்றுநோய், பட்டுத்துணியால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு நடமாடியவர். 1774இல் அவரை முதலில் பார்த்த மாசசூசெட்ஸ் பிரதிநிதி ஜான் ஆடம்ஸ், உலகத்திலேயே விசித்திரமான தோற்றம் கொண்ட மனிதர், நாணலைப் போல மெலிந்தவர், முகம் ஒரு பெரிய ஆப்பிளைவிடப் பெரிதில்லை, ஆனால் அந்த முகத்தில் நெருப்பும் புத்தியும் இருக்கிறது என்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

மெக்கீன் தன் கைக்காசில் ஆள் அனுப்பினார். சேதி போய்ச் சேர்ந்ததும் ராட்னி கிளம்பிவிட்டார். டெலவேரின் டோவர் பக்கத்திலிருந்து பிலடெல்பியா, ஏறத்தாழ 80 மைல், ராத்திரி, மழை. குதிரை மேல் வந்தாரா, வண்டியில் வந்தாரா என்று இன்றைக்கும் வாதிடுகிறார்கள். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஜூலை 2 அன்று அரசு மாளிகை வாசலில் பூட்ஸும் குதிமுள்ளுமாக அவரைப் பார்த்ததாக மெக்கீன் 37 வருடம் கழித்து எழுதினார். ராட்னி எழுதியது அதைவிடச் சின்னது. ஜூலை 4 அன்று தம்பிக்கு எழுதிய கடிதத்தில், இடியும் மழையும் தாமதப்படுத்தினாலும் சுதந்திர விஷயத்தில் என் குரலைக் கொடுக்க வேண்டிய நேரத்துக்கு வந்து சேர்ந்தேன் என்கிறார். இடியும் மழையும் அடைப்புக்குறிக்குள் போய்விட்டன. அந்த உடம்போடு ராத்திரி முழுக்க வந்த மனிதர் தன் பிரயாணத்துக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான்.

நான் போனபோது மாப்பிள்ளை டோவரிலிருந்து காரில் கூட்டிப்போனார். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது, வைப்பர் போதவில்லை, ஓரமாக நிறுத்தினோம். மகள் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அன்று மாலை அந்த மண்டபத்தில் பச்சைத் துணி விரித்த மேசைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்ன அறை. கதவைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தால் எல்லோர் தலையும் திரும்பியே ஆக வேண்டும், அவ்வளவு சின்னது.

ராட்னி வந்தார், டெலவேர் இரண்டுக்கு ஒன்றாக ஆதரவுப் பக்கம் போனது. தென் கரோலினா மனம் மாறியது. பென்சில்வேனியாவில் முந்தின நாள் நான்குக்கு மூன்றாக எதிர்ப்பு. இரண்டாம் தேதி டிக்கின்சனும் ராபர்ட் மாரிஸும் இருக்கைக்கு வரவில்லை. பிராங்க்ளின், ஜேம்ஸ் வில்சன், ஜான் மார்ட்டன் மூவரும் ஆதரவு, வில்லிங், ஹம்ப்ரீஸ் இருவரும் எதிர்ப்பு. மூன்றுக்கு இரண்டு. பன்னிரண்டு மாநிலங்கள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. நியூயார்க் ஜூலை 9 அன்று சேர்ந்துகொண்டது.

டிக்கின்சனைக் கோழை என்று சொல்கிறவர்கள் உண்டு, பிள்ளைகளிடம் அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் நாள் எழுந்து, இது இன்னும் வேளை வரவில்லை என்று மணிக்கணக்காகப் பேசியவர் அவர். தன் மனசாட்சிக்கு விரோதமாக ஆதரவு சொல்லவும் முடியாது, ஊரின் வழியை மறிக்கவும் மனமில்லை. நன்றாகத் தெரிந்தே விலகி நின்றார். பிறகு தன் படைப்பிரிவோடு நியூஜெர்சிக்குக் கிளம்பிப் போனார். அவர் வராமல் இருந்ததும் ஒரு வேலைதான். காய்ச்சல், சோம்பல், பஸ் கிடைக்கவில்லை என்று வராமல் இருப்பது வேறு.

இப்போது அந்தத் தாள். எண்பதுகளில் ஒரு சின்ன ஊர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஊழியர் சங்கத்தில் எங்கள் கிளையிலிருந்து பொதுக்குழுவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவன் நான். தினக்கூலி ஆட்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. இன்னொருவர் அதற்கு எதிர்ப்பு, நான் ஆதரவு. கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், எங்கள் அலுவலகத்தில் தண்ணீர் எடுத்து வைக்கும் தினக்கூலிப் பெரியவர் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினோரு பெயர்கள், யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக்கொடுத்த கையெழுத்து. 'பேரோட சொல்லணும் சார்' என்றார். அன்றிரவு நல்ல மழை. மகளுக்கு லேசாகச் சூடு. விடிகாலை பஸ்ஸுக்கு எழுந்தேன், ஜன்னலைப் பார்த்தேன், திரும்பப் படுத்துக்கொண்டேன். தீர்மானம் தோற்றது. ஓட்டு வித்தியாசம் பெரியது, நான் போயிருந்தாலும் தோற்றிருக்கும். அதைச் சொல்லித்தான் இத்தனை வருடமும் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்தப் பெரியவர் ஜெயித்ததா தோற்றதா என்று கேட்கவில்லை. 'பேரெல்லாம் படிச்சீங்களா சார்?' என்றுதான் கேட்டார். படித்தேன் என்றேன். பொய். அந்தத் தாள்தான் போன மாதம் விழுந்தது.

ஒருவர் வராவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இதுதான். உங்கள் மேல் மட்டும் வந்த கோபம் இல்லை அது.

காங்கிரஸ் அதற்குப் பிறகும் இதே பாட்டைத்தான் பட்டது. மாநிலங்களை இணைத்த முதல் சாசனமான கூட்டமைப்பு விதிகள் 1781இல் நடைமுறைக்கு வந்தன. ஒரு மாநிலத்துக்கு இரண்டு பேருக்குக் குறையக் கூடாது, ஏழு பேருக்கு மேல் கூடாது, சம்பளமும் செலவும் அந்தந்த மாநிலமே கொடுக்க வேண்டும், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி அழைத்துக்கொள்ளலாம். ஒரே ஒருவர் வந்திருந்தால் அந்த மாநிலம் வராத கணக்கு. உங்கள் 'ஒருவரே போதுமே'க்கு அவர்கள் சட்டத்திலேயே பதில் எழுதிவிட்டார்கள்.

பிரிட்டனோடு சமாதான ஒப்பந்தம் 1783 செப்டம்பர் 3 அன்று பாரிஸில் கையெழுத்தானது. ஆறு மாதத்துக்குள் இரு தரப்பும் ஒப்புதல் கொடுத்து அந்தப் பத்திரங்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஒப்புதலுக்கு ஒன்பது மாநிலங்கள் தேவை. டிசம்பர் முழுக்க, காங்கிரஸ் அப்போது கூடிய அன்னாபோலிஸ் நகரில் காத்துக் கிடந்தார்கள், ஏழு மாநிலங்களைத் தாண்டவில்லை. ஏழே போதும், முடித்துவிடலாம் என்று சிலர் சொன்னபோது, பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன் அது மோசடி என்று மறுத்தார். எட்டு வருடம் சண்டை போட்டு, ஆட்களைப் பலி கொடுத்து ஜெயித்த தேசம், தன் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தது. ஜனவரி நடுவில் கனெக்டிகட் ஆட்கள் வந்தார்கள். உடம்பு சரியில்லாமல் பிலடெல்பியாவில் கிடந்த தென் கரோலினாவின் ரிச்சர்ட் பெரெஸ்ஃபோர்ட் எழுந்து வந்தார். ஒன்பது ஆனது. 1784 ஜனவரி 14.

புது அரசியல் சாசனத்தின் கீழ் 1789 மார்ச் 4 அன்று நியூயார்க்கில் கூடிய முதல் காங்கிரஸிலும் இதே கதைதான். செனட்டில் எட்டுப் பேர், கீழ்ச்சபையில் பதின்மூன்று பேர். சபை நடத்தப் போதிய ஆட்கள் சேர ஒரு மாதம் ஆயிற்று. ஏப்ரல் 6 அன்று செனட்டின் பன்னிரண்டாவது ஆளாக வந்து, சபை நடத்தத் தேவையான எண்ணிக்கையை நிறைத்தவர் யார் தெரியுமா? அதே ரிச்சர்ட் ஹென்றி லீ.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ராட்னி அடிமைகளை வைத்திருந்தவர். டெலவேரின் வில்மிங்டன் நகரச் சதுக்கத்தில் குதிரை மேல் இருந்த அவருடைய சிலையை 2020இல் எடுத்துவிட்டார்கள். அது சரி என்றே நினைக்கிறேன். 1790 கணக்கெடுப்பில் டெலவேரின் ஜனத்தொகை 59,000, அதில் ஏறத்தாழ 9,000 பேர் அடிமைகள். அவர்களுக்காக அந்தச் சின்ன அறையில் யாரும் எழுந்து நிற்கவில்லை. அவர்கள் பெயர் எழுதிய தாள் யார் சட்டைப்பையிலும் இல்லை. உங்கள் வகுப்பில் அந்த ராத்திரிப் பயணத்தைச் சொல்லும்போது இதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

வாஷிங்டனில் காங்கிரஸ் கூடும் கேபிடல் கட்டடத்தில் தொங்கும், பிரகடனக் காட்சியை ஜான் டிரம்புல் வரைந்த பெரிய ஓவியத்தை உங்கள் அட்டவணைக்கு ஆதாரமாக எடுக்காதீர்கள். அதில் டிக்கின்சன் இருக்கிறார், எதிர்த்து ஓட்டுப் போட்ட வில்லிங் இருக்கிறார். ராட்னி இல்லை, மார்ட்டன் இல்லை. 1777 ஜனவரியில் பெயர்களோடு முதலில் அச்சான பிரதியில் மெக்கீன் பெயரும் இல்லை. பட்டியல் போடுகிறவர்கள் எப்போதும் யாரையாவது விட்டுவிடுகிறார்கள்.

மெக்கீனுக்கு எதிரே டெலவேர் என்றே போடுங்கள். அதோடு அட்டவணையில் இன்னொரு கட்டம் சேர்த்து, ஜூலை 2 அன்று ஒவ்வொருவரும் எங்கே இருந்தார் என்று பிள்ளைகளையே தேடி எழுதச் சொல்லுங்கள். தேர்வில் கேட்க மாட்டார்கள். இருந்தாலும் எழுதட்டும். முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், வைத்துக்கொள்கிறேன்.