டஸ்கீகி சிபிலிஸ் ஆய்வு: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி (நர்சிங் மாணவி): சார், டஸ்கீகியில் நல்லா இருந்தவர்களுக்கு நோய்க்கிருமியை ஊசியில் ஏற்றினார்களாமே?

பதில்: இல்லைம்மா, அது மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் நடந்தது, 1946 முதல் 1948 வரை. ஜான் கட்லர் என்ற மருத்துவர் இரண்டு ஆய்விலும் இருந்ததால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். டஸ்கீகியில், ஏற்கெனவே சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்காமல், நோய் உடம்பை எப்படி அரிக்கிறது என்று 1932 முதல் 40 வருடம் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். நடத்தியது அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை. டஸ்கீகி ஊர் இருக்கும் அலபாமா மாநிலத்தின் மேக்கன் கவுண்டியில் சுமார் 600 கறுப்பின ஆண்கள். அவர்களில் 399 பேருக்கு நோய். பெரும்பாலும் பருத்தி நிலத்தை விளைச்சலில் பங்குக்கு உழுதவர்கள்.

கேள்வி: அவர்கள் எப்படிச் சம்மதித்தார்கள்?

பதில்: ஆய்வு என்றே அவர்களிடம் சொல்லவில்லை. 'கெட்ட ரத்தம்' இருக்கிறது, வைத்தியம் பார்க்கிறோம் என்றார்கள். அந்த ஊரில் அசதி, சோகை எல்லாவற்றுக்கும் அந்தப் பேர்தான். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டியிருந்தது. வரச் சொல்லி ஒரு கடிதம் போனது: இலவசச் சிறப்புச் சிகிச்சைக்கு இதுவே கடைசி வாய்ப்பு, நர்ஸைத் தவறாமல் பாருங்கள் என்று. சோதனைக்காக எடுத்த நீரைச் சிகிச்சை என்று எழுதிய அந்த ஒரு வரியை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. அப்புறம் காரில் கூட்டிப்போனார்கள், சாப்பாடு போட்டார்கள். பிரேதப் பரிசோதனைக்கு விட்டால் அடக்கச் செலவுக்கு 50 டாலர். கையில் காசில்லாத குடும்பம் என்ன செய்யும்?

கேள்வி: அந்தக் காலத்தில் மருந்தே இல்லையே, ஐயா?

பதில்: ஆர்செனிக் மருந்துகள் இருந்தன; கடுமையானவை, ஆனாலும் அவைதான் அன்றைய சிகிச்சை. சரி, அதை விடுங்கள். 1947 வாக்கில் பெனிசிலின் வழக்கமான மருந்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் 25 வருடம் தரவில்லை. இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது, நோய் தெரிந்தால் கட்டாயச் சிகிச்சை கிடைத்திருக்கும். இவர்களுக்கு அதிலிருந்து விலக்கு வாங்கினார்கள். மருந்து எட்டவில்லை என்பது பொய், எட்டவிடாமல் தடுத்தார்கள்.

கேள்வி: அந்த ஆய்வில் வேலை பார்த்த நர்ஸ் யூனிஸ் ரிவர்ஸும் கறுப்பினத்தவர்தானே? அவர் செய்தது துரோகம் இல்லையா?

பதில்: அவரை நம்பித்தான் அந்த ஆண்கள் வந்தார்கள், அது உண்மை. ஆனால் திட்டம் போட்ட மருத்துவர்களை விட்டுவிட்டு அவர் தலையில் மட்டும் பழியைப் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: எப்படி வெளியே வந்தது?

பதில்: இது ரகசியமாகவே இல்லை. 1936 முதல் மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வந்தன. ஆயிரக்கணக்கான டாக்டர்கள் படித்திருப்பார்கள். அதே துறையில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் 1966-லேயே இது சரியா என்று எழுதிக் கேட்டார். 1969-ல் ஒரு குழு கூடி, தொடரலாம் என்றது. பக்ஸ்டன் பத்திரிகையை நாடினார். 1972 ஜூலையில் பத்திரிகையாளர் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி வந்தது. அந்த வருடமே நிறுத்தினார்கள்.

கேள்வி: இழப்பீடு?

பதில்: 1974-ல் வழக்கில் சுமார் 1 கோடி டாலர். மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் நோய் தொற்றியிருந்ததால் அவர்களுக்கும் மருத்துவ உதவி. அரசின் மன்னிப்பு வந்தது 1997 மே 16-ல், அதிபர் கிளின்டன் வாயால். அப்போது உயிரோடு இருந்தவர்கள் 8 பேர்.