"தெரியவில்லை" என்கிறாள் மகள்

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். 19 வயது மகளுக்கு அனோரெக்ஸியா, அதாவது எடை கூடிவிடுமோ என்று பயந்து சாப்பாட்டைத் தவிர்க்கும் நோய். ஆட்டிசப் பண்புகளும் உண்டு என்கிறார்கள். மருத்துவமனையில் உணர்ச்சித்திறன் பயிற்சி என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். சொற்கள் எழுதிய அட்டைகளோடு வீட்டுக்கு வருகிறாள். சாப்பிட மறுப்பவளுக்கு இது எதற்கு? "என்னம்மா செய்கிறது?" என்றால் "தெரியவில்லை" என்கிறாள். பிடிவாதம்தானே?

பதில்: இல்லை, சகோதரி. அவளுக்கு உண்மையாகவே தெரியாமல் இருக்கலாம்.

பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது, பொறாமை வந்தால் வயிறு எரிகிறது, கவலை வந்தால் வயிற்றைப் பிசைகிறது என்கிறோம். இருந்தாலும் எது பசி, எது பயம் என்று நமக்குக் குழப்பம் வருவதில்லை. உங்கள் மகளுக்கு எல்லாமே ஒரே பிசைவாகத் தெரியலாம். இதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். உணர்ச்சிக்குச் சொல் கிடைக்காத நிலை. ஆட்டிசத்திலும் அனோரெக்ஸியாவிலும் இது அதிகம் காணப்படுகிறது. பெயர் தெரியாத அந்தப் பிசைவைப் பட்டினி மழுங்கடித்துவிடுகிறது. சோற்றைத் தள்ளிவைப்பதில் அவளுக்குக் கிடைக்கும் நிம்மதி அதுவாக இருக்கலாம். அந்தப் பிசைவுக்குப் பெயர் தேடத்தான் அட்டைகள்.

உங்கள் ஊரிலேயே, கிங்ஸ் கல்லூரியிலும் மாட்ஸ்லி மருத்துவமனையிலும் பேராசிரியர் கேட் சான்டூரியாவின் குழு உருவாக்கிய 'கிரெஸ்ட்' இந்த வகைப் பயிற்சிதான். எடையையும் கலோரியையும் ஓரமாக வைத்துவிட்டு, உணர்ச்சியைக் கவனிக்கவும் பெயர் சொல்லவும் தேவையைக் கேட்கவும் பழக்குகிறார்கள். இன்னொன்று: அதே குழு 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பலரை ஒன்றாக உட்காரவைத்துக் கொடுத்த சிந்தனைத்திறன் பயிற்சி (இது வேறு பயிற்சி, யோசிக்கும் விதத்தைப் பழக்குவது), ஆட்டிசப் பண்புகள் அதிகம் உள்ளவர்களுக்கு அவ்வளவாகப் பலன் தரவில்லை. உங்கள் மகளுக்கும் பலரோடு சேர்த்துத்தான் பயிற்சி என்றால், தனியாகக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள், நம்மவர்கள் டாக்டரிடம் கேள்வி கேட்கவே கூசுகிறோம்.

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. பயிற்சி சாப்பாட்டுக்கு மாற்று அல்ல. எடை, ரத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றை மருத்துவர்கள் கண்காணிப்பது நிற்கக் கூடாது. மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

வீட்டில் "என்ன செய்கிறது?" என்று கேட்பதை விடுங்கள். அது அவளுக்குக் கரை தெரியாத கேள்வி. "தொண்டை அடைக்கிறதா, வயிறு இறுகுகிறதா?" என்று கேளுங்கள். அட்டையைக் காட்டி, விரலால் தொட்டால் போதும் என்று சொல்லுங்கள். பதில் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். கஷ்டம்தான், அம்மாக்களுக்கு!

சாம்பார் சோற்றில் பட்டுவிட்டால் தட்டையே தள்ளுகிறாளா? அதுவும் ஆட்டிசப் பண்பாக இருக்கலாம். தனிக் கிண்ணத்தில் வையுங்கள். இரவு என்ன சமையல் என்பதைக் காலையிலேயே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். விருந்தாளியே வந்தாலும் அதை மாற்றாதீர்கள்.