மேய்ச்சல் கோழி: பண்ணையிலேயே வாங்கும்போது

கேள்வி: 'மேய்ச்சல் நாட்டுக்கோழி' என்று போர்டு வைத்திருக்கும் பண்ணைகளில், கோழி உண்மையிலேயே வெளியில் மேய்ந்ததா என்று பார்த்தே சொல்ல முடியுமா? (வாசகி, பொள்ளாச்சி)

முடியும். ஆனால் நாட்டுக்கோழி என்பது இனம், மேய்ச்சல் என்பது வளர்ப்பு முறை. சிறுவிடை என்ற நாட்டு இனத்தைக் கொட்டகையிலேயே அடைத்தும் வளர்க்கலாம். நாட்டுக்கோழி அல்லாத, கலப்பு ரகமான வனராஜாவைத் தென்னந்தோப்பில் மேயவும் விடலாம். அதனால் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கோழியைக் கையில் வாங்கி அலகைப் பாருங்கள். மேல் அலகின் நுனி கூராக, லேசாகக் கீழே வளைந்திருக்க வேண்டும். மழுங்கி, கீழ் அலகைவிடக் குட்டையாக இருந்தால் அது மூக்கு வெட்டின கோழி. நெருக்கி அடைத்தால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும் என்றுதான் வெட்டுகிறார்கள். மேய விடுபவருக்கு அந்த வேலையே இல்லை. அடுத்து நகம். நாளெல்லாம் மண்ணைக் கிளறிய கோழிக்கு அது தேய்ந்து மொட்டையாக இருக்கும். உமிப் படுக்கையிலேயே நின்ற கோழிக்கு நீண்டிருக்கும்.

பிறகு தரையைப் பாருங்கள். கோழி தினமும் வெளியே வந்தால் கொட்டகை வாசலையொட்டிப் புல் நிற்காது. செடியடியில் கிண்ணம்போலக் குழிகள் இருக்கும். கோழி மண்ணில் புரண்ட இடம் அது. வாசல் வரை புல் செழித்து நின்றால் கதவு திறப்பதே அபூர்வம் என்று அர்த்தம். உச்சி வெயிலில் எல்லாக் கோழியும் நிழலில்தான் ஒதுங்கும். ஆகவே காலையிலோ நாலு மணிக்கு மேலோ போங்கள்.

மஞ்சள் தோலை மட்டும் நம்ப வேண்டாம். மக்காச்சோளம் தின்றாலும் கொழுப்பு மஞ்சளாகும். மஞ்சள் பூசி வாட்டிய பின் எல்லாக் கோழியும் மஞ்சள்தான்.

கேள்வி: ஒன்றரைக் கிலோ என்று வாங்கிய கோழியில் ஒரு கிலோ கறிகூட வரவில்லை. எடையில் ஏமாற்றா? (வாசகர், திண்டுக்கல்)

அநேகமாக இல்லை. ஒன்றரைக் கிலோ உயிர் எடையில் இறகு, இரத்தம், தலை, கால், குடல் போகத் தோலோடு ஏறக்குறைய ஒரு கிலோதான் நிற்கும். தோலை உரித்தால் இன்னும் 100 கிராமாவது குறையும். விலை பேசும்போதே உயிர் எடையா, கறி எடையா என்று கேட்டுவிடுங்கள். கழுத்தடியில் தீனிப்பையையும் தொட்டுப் பாருங்கள். எலுமிச்சை அளவுக்கு உருண்டு கெட்டியாக இருந்தால் தீவனத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். முதல் நாளே சொல்லிவைத்து, இரவு தீவனம் நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்த கோழியைக் காலையில் எடை போடச் சொல்லுங்கள். குடல் சுத்தமாக இருப்பதால் அறுக்கும்போது கறியில் அசுத்தம் படுவதும் குறையும்.

உயிரோடு கொண்டுபோவதானால் காலைக் கட்டி வண்டியில் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். அது கோழிக்குச் சித்திரவதை. தொடையிலும் இறக்கையிலும் இரத்தமும் கட்டும். காற்றோட்டமுள்ள கூடை போதும். அறுத்து எடுத்துப் போவதானால் ஐஸ் பெட்டி அவசியம்.

கேள்வி: தடுப்பூசியே போடாத கோழிதான் நல்லது என்கிறார்களே? (வாசகர், தஞ்சாவூர்)

தவறு. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் வந்தால் தடுப்பூசி போடாத மந்தை சில நாட்களிலேயே காலியாகும். குஞ்சுக்கு முதல் வாரத்தில் லசோட்டா என்ற அந்நோய்த் தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாவது வாரத்தையொட்டி ஊசி என்று சொல்லும் பண்ணைக்காரர் பொறுப்பானவர். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "கடைசியாக ஆன்டிபயாட்டிக் எப்போது கொடுத்தீர்கள்?" மருந்துக்குப் பின் எத்தனை நாள் கறிக்கு விற்கக் கூடாது என்பது லேபிளிலேயே இருக்கும். ஆசனவாய் இறகில் பச்சையாகக் கழிச்சல் ஒட்டி, கோழி தூங்கி வழிந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: எவ்வளவு வேகவைத்தாலும் ரப்பர்போல இருக்கிறது. (வாசகி, மதுரை)

கோழி முற்றல், அல்லது அறுத்த நேரம் தப்பு. நெஞ்செலும்பின் பின்நுனியை அழுத்துங்கள், வளைந்தால் இளசு. சேவலுக்குக் கால்முள் மிளகளவு முண்டாக இருந்தால் இளசு, அரை அங்குலம் தாண்டினால் சூப்புக்குத்தான். அறுத்துச் சற்று நேரத்தில் தசை விறைக்கும். அந்த நேரத்தில் அடுப்பேற்றினாலோ உடனே ஃப்ரீசரில் திணித்தாலோ கறி இறுகிவிடும். ஃப்ரிட்ஜின் சாதாரணத் தட்டில் ஐந்தாறு மணி நேரம், முற்றல் கோழியென்றால் ஒரு இரவு வையுங்கள். பிறகு மிதமான தீயில் ஐந்தாறு விசில். முற்றலுக்கு எட்டுக்குக் குறையாமல்.