லார்ட் லோவட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: லோவட் யார்?

சைமன் ஃபிரேசர், 15ஆம் லார்ட் லோவட். ஸ்காட்லாந்தின் ஃபிரேசர் குலத் தலைவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோ (அதிரடிப் படை) அதிகாரி. 1944இல் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கும்போது பிரிகேடியர், வயது 32.

கே: ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரெஞ்சுத் துறைமுகமான டியெப் மீதான தாக்குதல் படுதோல்வி. அதில் இவருக்கு என்ன பெருமை?

தோல்விதான். 1942 ஆகஸ்ட் 19 அன்று நடந்த அந்தத் தாக்குதலில் கனடிய வீரர்கள் மட்டும் 900 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆனால் மேற்கே, வாரன்ஷ்வில் ஊரருகே இருந்த ஆறு ஜெர்மானியப் பீரங்கிகளை அழிக்கும் பொறுப்பு லோவட்டின் 4ஆம் கமாண்டோவுக்கு. படையை இரண்டாகப் பிரித்தார். அவருக்கு அடுத்த நிலை அதிகாரியான மில்ஸ்-ராபர்ட்ஸின் குழு பாறை இடுக்கு வழியாக ஏறி, முன்பக்கமிருந்து சுட்டு எதிரியைத் திணறடித்தது. லோவட் இன்னும் மேற்கே கரையேறி, சுற்றிக்கொண்டு முதுகுப்பக்கம் போனார். முன்னாலிருந்து போன சின்ன மார்ட்டர் குண்டு ஒன்று வெடிமருந்துக் குவியலில் விழுந்தது. குப்பென்று தீ, பீரங்கிகள் அடங்கின. அப்புறம் பின்னாலிருந்து துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்தார்கள். கையைக் குண்டு துளைத்த பிறகும் முன்னேறிய கேப்டன் போர்ட்டியஸுக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

கே: நார்மண்டியில் இறங்கும்போது பேக்பைப் (ஸ்காட்லாந்தின் பை வைத்த ஊதுகருவி) வாசித்தது உண்மையா?

உண்மை. வாசித்தவர் பில் மில்லின், வயது 21. சண்டையில் பைப்பர்கள் (பேக்பைப் வாசிப்பவர்கள்) வாசிக்கக் கூடாது என்ற தடையை மீறி லோவட் வாசிக்கச் சொன்னார். ஆனால் ‘தி லாங்கஸ்ட் டே’ சினிமாவை வைத்து மட்டும் வரலாறு பேசாதீர்கள்.

கே: டியெப்பில் அந்த மார்ட்டர் குண்டைப் போட்டது மில்ஸ்-ராபர்ட்ஸ் குழு. பிரபு என்பதால் லோவட்டைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்!

பாதி சரி. மில்ஸ்-ராபர்ட்ஸின் பங்கை நான் குறைக்கவே மாட்டேன். ஆனால் முன்னால் சுடுபவனும் பின்னால் பாய்பவனும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். கொஞ்சம் பிசகினால் தன் ஆட்களே தன் குண்டுக்குப் பலி. அந்த இணைப்புக்குப் பொறுப்பு லோவட். பிறப்பு பதவி தரலாம், இதைத் தராது.

கே: நார்மண்டியில் இறங்கிய அன்று, பிரிட்டிஷ் வான்படை வீரர்கள் பிடித்து வைத்திருந்த பெகாசஸ் பாலத்துக்குச் சரியாக நண்பகலில் வந்தாராமே, பேக்பைப் முழங்க?

மறுபடியும் சினிமா! பாலத்துக்கு அவர் வந்தபோது மணி ஒன்றாகிவிட்டது. மேலே சொன்னதைப் படியுங்கள்.

கே: பேக்பைப்பில் என்ன பாட்டு?

இசை தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கே: அவர் போர் எப்போது முடிந்தது?

1944 ஜூன் 12, நார்மண்டியின் பிரெவில் கிராமம். சொந்தப் பிரிட்டிஷ் தரப்புப் பீரங்கியின் குண்டு ஒன்று குறி தவறி விழுந்து படுகாயம். படையணியை அன்று ஏற்றுக்கொண்டவர் மில்ஸ்-ராபர்ட்ஸ்.