மச்சானும் நானும் ஸ்னோ தள்ளப் போகிறோம்: எந்த மெஷினை வாங்குவது?

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். பகலில் ஒரு களஞ்சியத்தில் வேலை, காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். இந்தக் குளிர்காலம் மச்சானோடு சேர்ந்து வீடுகளுக்குப் பனி தள்ளிக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். ஒன்பது வீட்டுக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள். இரண்டு வீடு எங்கள் தெருவில், மற்றவை பக்கத்து நகரமான மார்க்கம் வரைக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாக, சொந்தக்காரர்களும் கோயிலில் பழக்கமானவர்களும். சீசனுக்கு வீடொன்றுக்கு 350 டொலர் என்று பேசியிருக்கிறோம். கடையில் 28 அங்குல ஸ்னோ ப்ளோவர் (பனி தள்ளும் மெஷின்) ஒன்றை 2,600 டொலருக்குத் தருகிறார்கள், இரண்டு வருடத் தவணையும் உண்டாம். மனைவி தவணை வேண்டாம், சீட்டை எடுத்து வாங்குங்கள் என்கிறார். மச்சான் பழைய மெஷின் போதும் என்கிறார். மலிவாகவும் தொழிலுக்குத் தாங்கக்கூடியதாகவும் எதை வாங்கலாம்? எங்களிடம் இருப்பது ஒரு சியன்னா வான்.

பதில்: தம்பி, போகிற போக்கில் கடைசியாக எழுதினீர்களே, சியன்னா வான் என்று, அதில்தான் என் கண் முதலில் நின்றது. 28 அங்குல டூ ஸ்டேஜ் மெஷின் (பெரிய வகை, விளக்கம் கீழே) என்றால் 100 கிலோ வரும், அதற்கு மேலும் போகும். விடிய நாலு மணிக்கு, ஈரக் கையுறையோடு, அதை ஒன்பது வீட்டு வாசலிலும் இறக்கி ஏற்றப்போவது யார்? பலகை சாய்த்து உருட்டி ஏற்றலாம். ஆனால் கைபிடியும் பனியைத் துப்பும் குழாயும் பின்கதவில் இடிக்கும். இரண்டாவது வாரமே ட்ரெய்லர் தேடுவீர்கள். ட்ரெய்லர் என்றால் அதை வானில் கொளுவ ஹிட்ச், நிறுத்த இடம். அப்போது 2,600 என்பது வெறும் முன்பணம்.

மெஷினுக்குப் பிறகு வருகிறேன், முதலில் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒன்பது வீடு, 350 டொலர்: 3,150. இதில் செலவு என்ன? தொழிலுக்கான பொறுப்புக் காப்புறுதிக்கு நான் 900 போடுகிறேன். தரகர் வேறு தொகை சொன்னால் அதைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். உப்பு 270, மெஷினுக்குப் பெற்றோல் 90, வானுக்கு 150, ஒயில், பின், தேய்கிற ரப்பர் என்று 100. மொத்தம் 1,510. மிச்சம் 1,640. இனி நேரம். சுமாராகப் பனி விழும் வருடத்தில் 15 தடவை தள்ளவும், இன்னும் 10 தடவை உப்பு மட்டும் போடவும் போவீர்கள் என்று வைப்போம். ஒரு வீட்டுக்கு 25 நிமிடம் என்றால் தள்ளுவதற்கு மட்டும் 56 மணி நேரம். ஓட்டத்துக்கு 15, உப்புக்கு 25. ஆக நூறு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளலாம். 1,640ஐ நூறால் பிரித்தால் மணிக்கு 16 டொலர் 40 சதம். ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபரிலேயே குறைந்தபட்சச் சம்பளம் 17.60 ஆகிவிட்டது. அதுவும் இன்னும் மெஷின் வாங்கவே இல்லை!

கடைக்காரர் சொன்ன 2,600க்கு 13 வீத எச்எஸ்டி, அதாவது விற்பனை வரி, சேர்த்தால் 2,938. நான்கு காலாண்டுகளுக்குச் சேர்த்து 30,000 டொலருக்குக் குறைவாக விற்பதால் நீங்கள் எச்எஸ்டிக்குப் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு செய்யாவிட்டால் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது. ஆகவே முதல் வருடம் 1,298 டொலர் கைக்காசு போகும். தவணையில் வாங்கினால் இந்த ஓட்டை இரண்டு வருடத்துக்குப் பரவும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வட்டி தனி.

எனவே மலிவான மெஷினைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் விலையைத் திருத்துங்கள். 500 டொலர் கேளுங்கள். சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், தெரியும். 500க்குச் சம்மதிக்காத வீட்டை விட்டுவிட்டு, உங்கள் தெருவிலேயே கதவைத் தட்டுங்கள். மார்க்கத்தில் இருக்கும் ஒரு சித்தப்பா வீட்டைவிட, பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று வீடுகள் இலாபம். வானை எடுக்கவே தேவையில்லை, மெஷினை நடத்திக்கொண்டே போகலாம். 500 என்றால் 4,500 வரும், செலவு போக 2,990. அந்த 28 அங்குலத்தை வாங்கினால் முதல் வருட முடிவில் உங்களுக்கும் மச்சானுக்குமாகச் சேர்த்து 52 டொலர் மிஞ்சும்.

சரி, இப்போது மெஷின். கடையில் அகலத்தையும் எஞ்சின் அளவையும் காட்டித்தான் விற்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேலை செய்யும் விதத்தை. சிங்கிள் ஸ்டேஜில் ஒரே சுழலி, அதில் ரப்பர் துடுப்புகள். அது தரையைத் தொட்டுக்கொண்டே சுற்றிப் பனியை அள்ளி நேரே வெளியே எறிந்துவிடும். தார் போட்ட டிரைவ்வேயில் கறுப்புத் தெரிய வழித்துவிடும் என்பதால் உப்பும் குறைவாகவே போகும். டூ ஸ்டேஜில் முன்னால் இருக்கும் இரும்புத் திருகு பனியை உடைத்து உள்ளே தள்ள, பின்னால் இருக்கும் விசிறி அதைத் தூர வீசும். இந்த வகை வேலைக்கு அடிபோட்டவர் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார்ட். தானியம் அடிக்கிற இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். 1925இல் செய்தார், 1927இல் மொன்றியலுக்குப் பக்கத்து ஊற்றமோனுக்கு முதலாவதை விற்றார். ஊரில் மெஷினில் சூடடித்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திருகைப் பார்த்ததுமே விளங்கும். டூ ஸ்டேஜின் திருகு தரையைத் தொடாது. இரண்டு பக்கமும் இருக்கும் சறுக்குக் கட்டையில் நிற்பதால் அடியில் ஒரு மெல்லிய படை மிஞ்சும், அது மிதிபட்டால் ஐஸ். சரளைக்கல் போட்ட பாதைக்கு டூ ஸ்டேஜ்தான் சரி. ரொறன்ரோ பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் தாரும் இன்டர்லொக் கல்லும்தானே.

நடைபாதையையும் யோசியுங்கள். இரண்டு வீட்டுக்கு நடுவே ஓடுகிற அந்த ஒடுக்கப் பாதை மூன்று அடிதான் இருக்கும். 28 அங்குலம் உள்ளே போகும், ஆனால் திரும்பாது. பனியையும் பக்கத்து வீட்டுச் சுவரில்தான் எறிய வேண்டிவரும்.

என் தெரிவு: 21 அங்குல சிங்கிள் ஸ்டேஜ், 200 சிசிக்கு மேற்பட்ட ஃபோர் ஸ்ட்ரோக் பெற்றோல் எஞ்சின், புதியது, கைக்காசுக்கு. 1,100 டொலர் வரையில் பார்க்கலாம், வரியோடு 1,243. இருவர் பிடித்தால் வானுக்குள் தூக்கி வைத்துவிடலாம். 500 டொலர் விலையில் முதல் வருடமே மெஷின் காசு முழுவதும் கழிந்து 1,747 மிஞ்சும். இரண்டாவது வருடம் 2,990. டோரோ, ஹொண்டா, ஏரியன்ஸ் என்று பெயருக்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். உதிரிப்பாகம் வைத்திருந்து திருத்தியும் கொடுக்கிற கடை உங்கள் வீட்டிலிருந்து 20 நிமிடத்துக்குள் எந்தப் பெயருக்கு இருக்கிறதோ, அதை வாங்குங்கள். பற்றரி மெஷின் ஒரு வீட்டுக்கு நல்லது. குளிரில் பற்றரி இறங்குகிற வேகத்துக்கு ஒன்பது வீடு தாங்காது.

இதற்கும் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். நகரசபை வண்டி தெருவை வழித்துக்கொண்டு போகும்போது டிரைவ்வே வாயில் ஒரு மேடு கட்டிவிட்டுப் போகுமே, உப்பும் ஐஸும் கலந்து கல்லுப்போல, அதில் சிங்கிள் ஸ்டேஜ் திணறும். சவளால் வெட்டிச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். பெரிய பனி என்றால் முடியும்வரை காத்திருக்காமல் 10 சென்ரிமீற்றர் சேர்ந்ததும் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை போகவேண்டும். வெட்டிய மேட்டைத் தெருவிலோ எதிர்ப்பக்கத்திலோ தள்ளிவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் வீதியில் பனியைப் போடுவது ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். வீடுகள் இருபதைத் தாண்டினால் அப்போது 24 அங்குல டூ ஸ்டேஜ் ஒன்றைப் பேசலாம்.

கடையில் நிற்கும்போது இரண்டு விசயம் கேளுங்கள். ஒன்று உத்தரவாதம். பெட்டியில் மூன்று வருடம் என்று போட்டிருப்பது வீட்டுப் பாவனைக்கு. காசுக்கு வேலை செய்தால் பல மெஷின்களுக்கு அது ஒரு வருடமாகவோ 90 நாளாகவோ சுருங்கிவிடும், சிறிய எழுத்தில் இருக்கும். மற்றது எலக்ட்ரிக் ஸ்டார்ட். பெரும்பாலும் அது வயரைச் சுவரில் செருகித் தொடக்குவது. நாலு மணிக்கு ஆறாவது வீட்டு வாசலில் சுவரையும் செருகியையும் எங்கே தேடுவது? கயிற்றை இழுத்து எத்தனையாவது இழுவையில் பிடிக்கிறது என்று பாருங்கள்.

மச்சான் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் நவம்பரில் பழையது வாங்காதீர்கள். நான் ஒரு நவம்பரில் விளம்பரம் பார்த்துப் போய் வாங்கினேன். விற்றவர் ஒரே இழுவையில் தொடக்கிக் காட்டினார். வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் இழுத்தேன், தோள் கழன்றதுதான் மிச்சம். நான் போவதற்கு முன்பே அவர் அதை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார். கோடை முழுவதும் தாங்கியில் கிடந்த பழைய பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரை அடைத்திருந்தது. அதிலிருந்து பழைய மெஷினைப் பார்க்கப் போனால் முதலில் எஞ்சினில் கை வைத்துப் பார்க்கிறேன், குளிர்ந்திருக்க வேண்டும். டூ ஸ்டேஜ் என்றால் திருகுத் தண்டில் இருக்கும் ஷியர் பின்னையும் பாருங்கள். ஐஸோ பத்திரிகைக் கட்டோ சிக்கினால் அந்த மெல்லிய பின் உடைந்து கியர் பெட்டியைக் காப்பாற்றும். அந்த இடத்தில் சாதாரண போல்ட்டைப் போட்டு இறுக்கியிருந்தால் கியர் பெட்டி ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும், திரும்பி வந்துவிடுங்கள். பழையதுக்கு நல்ல மாதம் ஏப்ரல்.

காப்புறுதிக்கு 900 ஏன் போட்டேன் என்று மச்சான் கேட்பார். ஒருவர் நீங்கள் தள்ளிய நடைபாதையில் சறுக்கி விழுந்தால் வீட்டுக்காரரோடு சேர்த்து உங்கள் மீதும் வழக்குப் போடலாம். 2021 ஜனவரி 29இலிருந்து, பனியிலோ ஐஸிலோ விழுந்து காயப்பட்டவர் 60 நாளுக்குள் வீட்டுக்காரருக்கோ பனி தள்ளும் ஒப்பந்தக்காரருக்கோ எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று ஒன்ராறியோச் சட்டம் சொல்கிறது. அப்படியொரு கடிதம் வரும்போது கையில் ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்ததும் ஒரு படம், நேரம், உப்புப் போட்டீர்களா இல்லையா, இவ்வளவும் போனில் இருந்தால் போதும். உங்கள் வீட்டுக் காப்புறுதி இந்தத் தொழிலுக்குப் பாயாது. சில தொழில் காப்புறுதிகளிலும் பனி வேலையை விலக்கி எழுதியிருப்பார்கள், அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லித் தரகரிடம் கேளுங்கள். வானைத் தொழிலுக்கு ஓட்டுவதையும் வாகனக் காப்புறுதிக்காரருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், சித்தப்பாவாக இருந்தாலும். 2023-24 குளிர்காலத்தில் பனியே சரியாக விழவில்லை. தடவைக் கணக்கில் வேலை பிடித்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். 2025 பெப்ரவரியில் சில நாள் இடைவெளியில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியது, சீசன் விலை பேசியவர்களுக்கு இடுப்பு ஒடிந்தது. ஆகவே இரண்டையும் கலந்து எழுதுங்கள்: 500 டொலருக்கு 5 சென்ரிமீற்றருக்கு மேல் விழுந்தால் 15 தடவை, அதற்கு மேல் தடவைக்கு 25. பாதிக் காசு நவம்பரில், மீதி ஜனவரி நடுவில். ஏழு மணிக்கு நீங்கள் வேலையில் நிற்க வேண்டும், ஒன்பது வீட்டுக்கு நாலு மணி நேரம் வேண்டும். விடிய முடித்துத் தருவோம் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுக்காமல், மச்சான் முடிக்கிற வீடுகளுக்குப் பத்து மணி என்று எழுதுங்கள்.

வருமான வரியில் இது சுயதொழில், டி2125 படிவம். இருவரும் பங்கு பிரித்து அவரவர் கணக்கில் காட்ட வேண்டும். மெஷினை எட்டாம் வகுப்புச் சொத்தாக 20 வீதத்தில் தேய்மானம் கழிக்கலாம். உங்கள் சம்பளம் சிபிபி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்தின் உச்சத்தைத் தொடவில்லை என்றால் இந்த இலாபத்தில் தொழிலாளி பங்கும் முதலாளி பங்குமாக 11.9 வீதம் போகும், அதை ஒதுக்கி வையுங்கள். படிவம் கொடுக்க ஜூன் 15 வரை நேரம் உண்டு, ஆனால் கட்ட வேண்டிய காசு ஏப்ரல் 30க்குள் போய்விட வேண்டும். பலர் இதில்தான் வட்டி கட்டுகிறார்கள்.

மனைவியிடம் சொல்லுங்கள், தவணை வேண்டாம் என்று அவர் சொன்னது சரி. சீட்டையும் இப்போது எடுக்க வேண்டாம், ஏலத்தில் முந்தி எடுத்தால் கழிவு போகும். 1,243ஐ நீங்களும் மச்சானும் பாதிப் பாதி போடுங்கள், ஆளுக்கு 621 டொலர் 50 சதம். யார் எவ்வளவு போட்டது, மெஷின் யார் கராஜில் நிற்கும், பிரிந்தால் யார் எடுப்பது என்பதையும் அதே நாளில் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள்.