இறால் ஓட்டிலிருந்து காயத்துக்குப் போடும் நானோ இழைத் துணி செய்ய முடியுமா?

முடியும். எம்.டெக்கில் என் ப்ராஜெக்ட்டே இதுதான். "வீடியோவில் பார்த்தால் நூற்பது சுலபமாகத்தான் இருக்கிறது, கல்லூரி ப்ராஜெக்ட்டாக எடுக்கலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம். ஆனால் வம்பு நூற்ற பிறகுதான் ஆரம்பிக்கும்.

இறால் ஓட்டை அமிலத்தில் ஊறப்போட்டால் சுண்ணாம்பு நுரைத்துப் போய்விடும். காரத்தில் காய்ச்சினால் புரதம் போகும். மிஞ்சுகிற கைட்டின் என்ற நார்ப்பொருளை 40-50 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்தால் கைட்டோசான். நூற்கப்போவது இதைத்தான். நாங்கள் ஓடு சேர்த்த முதல் வாரமே லேப் முழுக்கக் கருவாட்டு வாடை. பக்கத்து அறைக்காரர்கள் சண்டைக்கு வர, பொடியாகவே வாங்கிவிட்டோம். நீங்களும் வாங்கிவிடுங்கள், அந்தக் காரத்தோடு விளையாட வேண்டாம்.

கைட்டோசான் தண்ணீரில் கரையாது, வினிகரில் கரையும். அமிலம் பட்டால் அதற்கு நேர்மின்னூட்டம் வரும். சிவப்பணுவின் மேற்பரப்போ எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொள்வதால் ரத்தம் சட்டென்று கட்டும். அமெரிக்க ராணுவம் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் கொண்டுபோன ஹெம்கான் கட்டு இந்தக் கைட்டோசான்தான். ஆனால் அது நூற்றது அல்ல, உறையவைத்து உலர்த்திய அட்டை.

ரத்தத்தைக் கட்டும் அதே மின்னூட்டம் நூற்கும்போது காலை வாரும். சிரிஞ்ச் ஊசிக்கும் 15 செ.மீ. தள்ளி இருக்கும் அலுமினியத் தாளுக்கும் நடுவே 20 கிலோவோல்ட் கொடுத்தோம். ஊசி நுனியில் சொட்டு கூம்பாக இழுபட்டு நூலாகப் பறக்க வேண்டும். வெறும் கைட்டோசானில் ஒரே மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ள, துளித்துளியாகத் தெறித்தது. பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமரைக் கொஞ்சம் கலந்த பிறகுதான் நூல் வந்தது, அதுவும் மழை இல்லாத நாளில். காற்றில் ஈரம் இருந்தால் இழை காயாமலே தாளில் போய் அப்பும். நல்ல நாளில் 200 நானோமீட்டர் இழை கிடைத்தது, தலைமுடியில் சுமார் 300-இல் ஒரு பங்கு.

தாளிலிருந்து உரித்தால் முட்டை ஓட்டின் உள்தோல் மாதிரி அவ்வளவு அழகு. கைடு ஒன்றும் சொல்லாமல் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு விழுந்த இடத்தில் ஓட்டை! வினிகரோடு சேர்ந்து உப்பாகியிருக்கும் கைட்டோசான் தண்ணீரில் கரையும், காயத்தில் ஊறும் நீரிலும் கரையும். சோடியம் கார்பனேட்டில் அலசினால் கரையாது, ஆனால் இழைகள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூலக்கூறுகளைப் பிணைக்கும் குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தின் ஆவியைக் காட்டினால் இழை நிற்கும், ஆனால் அந்த ரசாயனம் கொஞ்சம் தங்கினாலும் செல்லுக்கு விஷம். எங்கள் ஆறு மாதம் இங்கேதான் போனது.

இதில் எனக்குப் பொறாமை கடல் நுண்பாசிமேல்தான். தலாசியோசிரா என்ற டயட்டம் தன் ஓட்டுத் துளைகள் வழியாகக் கைட்டின் இழையைத் தானே நூற்கிறது. கிலோவோல்ட்டும் கிடையாது, வினிகரும் கிடையாது. நுண்பாசி இழையில் செய்த கட்டுகள் அமெரிக்காவில் விற்பனைக்கே வந்துவிட்டன.

இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகுமா என்றால், ஒவ்வாமை தருவது புரதம். நன்றாகச் சுத்தம் செய்த கைட்டோசானில் அது அநேகமாக இருக்காது. அதற்காக நீங்கள் செய்ததை யார் காயத்திலும் வைத்துப் பார்க்காதீர்கள். எங்கள் துணியே பெட்ரி தட்டைத் தாண்டவில்லை. முதல் துணியை உரித்ததும் போட்டோ எடுப்பதற்கு முன்னால் அந்தச் சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள்.