வாசகர் கேள்வி பதில்: விண்கலத்துக்குள் ஒரு குளவி

சென்ற இதழில் ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘ஏலியன்’ (1979) படத்தைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். தாதுப்பொருளோடு பூமிக்குத் திரும்பும் ‘நோஸ்ட்ரோமோ’ என்ற சரக்கு விண்கலம், அதில் ஏழு பணியாளர்கள், வழியில் ஆளில்லாத ஓரிடத்தில் இறங்கியபோது அவர்களைத் தொற்றிக்கொண்ட ஓர் உயிர் என்பது கதை. கடலூர், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் மூன்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

படத்தில் கேன் என்ற பணியாளரின் முகத்தை ஓர் உயிர் கவ்விக்கொள்கிறது. பிறகு அவர் நலமாக எழுந்து சாப்பிட உட்காரும்போது, மார்பைப் பிளந்துகொண்டு ஒரு குட்டி வெளியே வருகிறது. இயற்கையில் இப்படி நடக்குமா?
– கரும்பு விவசாயி ஒருவர், நெல்லிக்குப்பம்

ஐயா, விடை உங்கள் கரும்புத் தோட்டத்திலேயே இருக்கிறது. தண்டைத் துளைக்கும் அந்துப்பூச்சிப் புழுவான இடைக்கணுப் புழுவைத் தடுக்கத் தோகையின் அடியில் கட்டுகிற முட்டை ஒட்டுண்ணிக் காகித அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பாக, கறுத்த முட்டைகள் ஒட்டியிருக்கும். அவை கறுத்திருப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றின் உள்ளேயும் ‘டிரைக்கோகிரம்மா’ என்ற குளவி வளர்ந்துகொண்டிருப்பதுதான். ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத அந்தக் குளவி, அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டுவிடும். பிறக்கும் புழு உள்ளிருப்பதைத் தின்று வளர்ந்து, ஓட்டைத் துளைத்துக்கொண்டு குளவியாகவே வெளியேறும்.

‘கொட்டீசியா’ என்ற இன்னொரு குளவி படத்துக்கு இன்னும் நெருக்கமானது. அது தண்டைத் துளைக்கும் புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். உள்ளே இத்தனை நடந்தும் அந்தப் புழு, சாப்பிட உட்கார்ந்த கேனைப் போலவே, வழக்கம்போல் ஊர்ந்து தின்றுகொண்டிருக்கும். கடைசியில் ஒருநாள் குளவிக் குஞ்சுகள் கூட்டமாகத் தோலைத் துளைத்து வெளியே வந்து, அதன் மேலேயே வெள்ளைப் பஞ்சுபோன்ற கூடுகளைக் கட்டும். பேனும் உண்ணியும் நம்மைக் கொல்வதில்லை. நாம் இருந்தால்தான் அவற்றுக்குப் பிழைப்பு. இந்தக் குளவிகள் அப்படியல்ல, வளர்ந்து முடித்தவுடன் இருந்த வீட்டையே அழித்துவிடுகின்றன.

‘கொட்டக் கொட்டக் குளவியாகும்’ என்று நம் முன்னோர் சொன்னதும் இதுபோன்ற ஒன்றைக் கண்டுதான். குளவி தன் மண்கூட்டுக்குள் புழுவை வைத்து அடைப்பதையும், சில நாள் கழித்து அங்கிருந்து குளவி வருவதையும் பார்த்தவர்கள், புழுவே குளவியாக மாறிவிட்டது என்று நம்பினார்கள். உண்மையில் அந்தப் புழு, குளவிக் குஞ்சுக்கு வைத்த இரை. ஒன்றை மட்டும் படத்தின் கற்பனை என்று ஒதுக்கலாம். ஒட்டுண்ணிக் குளவிகள் பல லட்சம் ஆண்டுகளாகத் தத்தம் இரையோடு சேர்ந்தே மாறி வந்தவை. வேறு உலகத்து உயிர் ஒன்று மனித உடலைக் கண்ட மாத்திரத்தில் அதற்குள் வளர்வதை நான் நம்பமாட்டேன்.

என் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். கடலில் அடிபட்டவரைக் கண்டால் எந்தப் படகும் ஏற்றிக்கொள்ளும். முகத்தில் அந்த உயிரோடு கேனைத் தூக்கிவந்து கதவருகே நிற்கும்போது, ரிப்ளி என்ற பெண் அதிகாரி திறக்க மறுக்கிறாரே, அது நியாயமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

நியாயம்தான், அம்மா. உங்கள் கோபம் படகில் பிழைக்கும் குடும்பத்தின் கோபம். அதை மதித்தே சொல்கிறேன். அடிபட்டவரை ஏற்றுவது வேறு, என்னவென்று தெரியாத தொற்றை ஏற்றுவது வேறு. கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழையுமுன் மஞ்சள் கொடி ஏற்றிச் சுகாதார அனுமதி கேட்கும் வழக்கம் இருப்பது இதனால்தான். 1969இல் நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்கள் மூவரும், உலகமே கொண்டாடக் காத்திருந்தபோதும், 21 நாள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். படத்தில் ரிப்ளி கேட்பது வெறும் 24 மணி நேரம். கலத்தலைவர் டல்லாஸ் வெளியே நிற்பதால் உள்ளே பொறுப்பு ரிப்ளியுடையது. டல்லாஸே திறக்கச் சொல்லியும் அவர் இணங்கவில்லை. கதவைத் திறந்துவிடுபவர் அறிவியல் அதிகாரி ஆஷ். ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவர் அந்த இடத்தில் குரலை உயர்த்தவே மாட்டார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சை அடைக்கும் காட்சி அதுதான்.

படத்தில் விகாரமான அந்த உயிரைக் கொஞ்ச நேரம்தான் காட்டுகிறார்கள். சம்பளப் பேச்சோ முதலிலேயே வந்துவிடுகிறது. பஞ்சாலையில் உழைத்து ஓய்வுபெற்ற எனக்கு அதுதான் மனதில் நின்றது. ஏன் அப்படி?
– வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி

அந்த உயிரின் தோற்றத்தை வரைந்தவர் சுவிட்சர்லாந்து ஓவியர் எச். ஆர். கீகர், அந்த உடைக்குள் நடித்தவர் ஏழடியை நெருங்கும் உயரமுடைய நைஜீரிய இளைஞர் போலாஜி படேஜோ. முழு வெளிச்சத்தில் காட்டினால் உடைக்குள் ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்பதால் நிழலிலேயே நிறுத்தினார்கள்.

நீங்கள் பிடித்த இடமே படத்தின் உயிர்நாடி என்பது என் எண்ணம். இயந்திர அறையில் வேலை செய்யும் பார்க்கரும் பிரெட்டும் ஊக்கத்தொகையில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் முழுப் பங்கு தங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்கிறார்கள்; ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. பின்னால் ரிப்ளி கணினித் திரையில் நிறுவனத்தின் 937ஆம் சிறப்பு ஆணையைப் படிக்கிறார்: அந்த உயிரைக் கொண்டுவருவதே முதல் வேலை, பணியாளர்களை இழந்தாலும் குற்றமில்லை. ஆஷ் மனிதரே அல்ல, நிறுவனம் வைத்த இயந்திரம் என்பதும் அதன்பிறகு தெரியவருகிறது. முழுப் பங்கு வாங்குகிறவர்களும் பாதிப் பங்குக்காரர்களும் அந்த ஆணையில் ஒரே கணக்குதான். அடுத்த முறை பார்க்கும்போது இரண்டு சாப்பாட்டுக் காட்சிகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். முதல் முறை எழுவரும் உட்கார்ந்து பங்குத் தொகையைப் பேசிய அதே மேசையின்மேல்தான் கேன் மல்லாந்து விழுகிறார்.